பொன்னாடை பெறாத வாத்தியார்கள்

தன்வரலாறு எழுதச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த ஆசிரியருக்கு விழா எடுத்தால், நம் ஊரில் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் பஞ்சமிருக்காது. வாழ்த்த வந்தவர்கள் மைக்கைப் பிடித்துத் தங்கள் வரலாற்றைத்தான் சொல்வார்கள். அதையும் வகுப்பின் வெற்றி என்றே வைத்துக்கொள்ளலாம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பழைய வாத்தியார்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரியலூர்ச் சடகோபையங்கார் ஒரு சிறுவனுக்குத் தமிழ் ருசியைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் சொன்னார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை நடத்தினார். ‘உன்னைப் பற்றி எழுது’ என்று ஒருவரும் வீட்டுப்பாடம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தச் சிறுவன்தான் தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர். எண்பதைத் தாண்டி, 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கினார். 1942-இல் அவர் காலமானபோதும் அது முடியவில்லை. எப்படி முடியும்? தலைப்பில் ‘என்’ என்று போட்டுவிட்டுப் பக்கம் பக்கமாக வாத்தியார்களை அல்லவா எழுதிக்கொண்டிருந்தார்! தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கோ தனியாகவே இரண்டு பாகத்தில் ஒரு சரித்திரம்.

அவர் இன்றைய தன்வரலாற்றுப் பயிலரங்கு எதிலாவது சேர்ந்திருந்தால், “ஐயா, உங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சேருங்கள்” என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். சான்றிதழ் மட்டும் கையோடு கிடைத்திருக்கும், பெயரில் ஓர் எழுத்துப்பிழையோடு.