இடம் மாறிய யானை

கேள்வி: ஊருக்குள் நுழையும் காட்டு யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா?

பதில்: பெரும்பாலும் தொல்லையின் முகவரிதான் மாறுகிறது. 2023 ஏப்ரலில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்தி, கும்கிகள் எனப்படும் பழக்கப்பட்ட யானைகளின் துணையுடன் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை, நடமாட்டத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் ரேடியோ காலர் கழுத்தில் பூட்டப்பட்டுப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்திற்குள் மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூனில் மறுபடி பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. நீரும் தீனியும் எங்கெங்கே கிடைக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் பழகி நினைவில் வைத்திருக்கும் வாழிடப் பரப்பை, அதாவது ஒரு விலங்கு வழக்கமாகச் சுற்றிவரும் நிலத்தை, இழந்த யானை அலைவது அதன் குற்றமன்று. உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போது பிடிப்பது தவிர்க்க முடியாததே. எனினும், வால்பாறையில் யானைகள் நிற்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு, மயக்க ஊசியைவிட மதிக்கத்தக்கது.