புதிய நிர்வாகமும் பழைய கிழங்கும்: ஆங்கிலப் பப் ஒன்றின் தட்டு குறித்த ஓர் ஆய்வு

அரசர் போய் அரசர் வந்ததற்குக் கல்வெட்டு உண்டு. அமைச்சரவை கவிழ்ந்ததற்கு அரசிதழ் உண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்ப் பப் ஒன்று கைமாறினால் அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் அறிவுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. கள ஆய்வு நடந்த பப்பின் பெயரை மறைத்திருக்கிறோம். ரெட் லயன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்நாட்டில் அப்பெயரில் நூற்றுக்கணக்கான பப்கள் இருப்பதால் யாரும் வழக்குப் போட முடியாது.

புதிதாக வருபவர் முதலில் உணவில் ஏன் கை வைக்கிறார்? பழைய உணவு மோசம் என்பதால் என்பர் மேலோட்டமாகப் பார்ப்போர். அது பொருந்தாது. என்னை? நன்றாக இருந்த இடத்திலும் வைக்கிறார். உண்மைக் காரணம் குத்தகைப் பத்திரத்தில் கிடக்கிறது. பல பப்களில் கல்லாவுக்குப் பின்னால் முதலாளிபோல் நிற்பவர் வெறும் குத்தகைதாரர். கட்டடம் ஒரு பெருநிறுவனத்துடையது. வாடகை கொடுப்பதோடு, பீரையும் அந்நிறுவனம் சொல்லும் விலைக்கு அதனிடமே வாங்கியாக வேண்டும். இந்தக் கட்டைத் தளர்த்த 1989-இல் அரசு ஓர் உத்தரவு போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் மது ஆலைகள், மிகுதியானவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆலைகள் பப்களை விற்றுத் தள்ளின. பப் கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. கயிறு பிடித்த கை மாறியது, கயிறு மாறவில்லை. 2016-இல் வந்த பப் நெறிமுறைச் சட்டம், 500-க்குக் குறையாத கட்டுப்பட்ட பப்களை வைத்திருக்கும் கம்பெனிகளின் குத்தகைதாரர்கள், சந்தை வாடகை மட்டும் கொடுத்துவிட்டுப் பீர்க் கட்டிலிருந்து விலகச் சில சந்தர்ப்பங்களில் வழிவிட்டது. மற்றவர்கள் பழையபடியே.

ஆக, பீரைத் தொட முடியாது. வாடகையைத் தொட முடியாது. கட்டடம் பாதுகாக்கப்படுபவற்றின் பட்டியலில் இருந்தால் சன்னலைக்கூடத் தொட முடியாது. எஞ்சுவது அடுக்களை ஒன்றே. ஒரு மனிதரின் லட்சியம் முழுவதையும் அந்தச் சின்ன அறைக்குள் திருப்பிவிட்டால் விளைவது என்ன என்பதே நம் ஆய்வுப்பொருள்.

விளைவு முதலில் தெரிவது உணவில் அல்ல, பாத்திரத்தில். பழைய நிர்வாகத்தில் வட்டமான வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்தது; அதற்கு விளிம்பும் இருந்தது. விளிம்பின் பயனை அது போன பிறகுதான் ஊரார் உணர்ந்தனர். இப்போது மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' வருவது கூரை வேய்கிற சிலேட்டுக்கல் ஓட்டின்மேல். மேலோட்டைக் கத்தியால் குத்தியதும் உள்ளிருந்து கிரேவி கிளம்புகிறது. மேசையின் சாய்வைத் துல்லியமாகக் காட்டியபடி ஓரத்தை அடைகிறது. நாப்கினை விரிப்பதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிடுகிறது. பட்டாணிகள் முன்னதாகவே உருண்டு போயிருக்கும். சிப்ஸ் தனியே, பொரிக்கும் கூடையின் பொம்மை வடிவம் ஒன்றில் வரும். அல்லது கட்டை விரல் கனத்தில் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக விறகுபோல் அடுக்கப்பட்டு வரும். இங்கே நிர்வாகம் தனக்குத்தானே ஆப்பு வைத்துக்கொண்டது. தட்டில் சிதறிக் கிடந்த காலத்தில் சிப்ஸை எண்ண யாருக்கும் தோன்றியதில்லை. அடுக்கி வைத்தால் குழந்தையும் எண்ணிவிடும்.

அடுத்து, பழமை. புதிய நிர்வாகம் எதுவானாலும் கரும்பலகையில் 'மரபு' என்று எழுதாமல் விடாது. அதன்கீழ் தவறாமல் இருப்பது உழவர் மதிய உணவு: ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய். ஏர் பிடித்தவன் வரப்பில் இவற்றைத் தின்றிருப்பான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெயரில் அது பப்பில் பரவியது பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க 1950களிலும் 1960களிலும் நடந்த விளம்பரத்தால். போர்க்காலப் பங்கீட்டிலிருந்து பாலாடைக்கட்டி விடுபட்டதே 1954-இல்தான். மெய்யான மரபு வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுவலோடு வரும், மாவைக் கரைத்துச் சுட்ட யார்க்ஷயர் புட்டிங்கைக் காண்க. முன்காலத்தில் அதைக் கிரேவியோடு முதலில் பரிமாறி வயிற்றை நிரப்பி, இறைச்சியை மிச்சம் பிடிப்பார்கள். நம் பப்பில் அதே கொள்கை நுட்பமாகத் தொடர்கிறது: புட்டிங் எவ்வளவு உப்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் நிழலில் இறைச்சி மெலிந்திருக்கும்.

பப்பில் ராத்திரிச் சாப்பாடு என்பதே புதுமை எனலாம். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் தன் கனவுப் பப்பை வருணித்தபோது அதில் மதியச் சாப்பாடு வைத்தார், நொறுக்குத் தீனி வைத்தார். இரவுச் சாப்பாடு வைக்கவில்லை. லண்டன் ஃபாரிங்டன் சாலையில் ஈகிள் என்ற பப்பை 1991-இல் இருவர் எடுத்து நடத்தி, நல்ல சமையலைப் பப்புக்குள்ளேயே செய்து காட்டியபின் நாடெங்கும் ஆசை பிடித்துக்கொண்டது. எல்லா ஆசையும் பொய்த்துவிடவில்லை. ஸ்மெத்விக் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் நிறவெறியால் பஞ்சாபியருக்குப் பப்பில் இடம் மறுக்கப்பட்டது. 1965-இல் வந்த இன உறவுச் சட்டம் அதைத் தடை செய்தது. பின்னாளில் அவ்வட்டாரத்துப் பப்கள் பலவற்றைப் பஞ்சாபியரே எடுத்து நடத்தினர். அங்கே இரும்புத் தட்டில் புகையோடு சீறி வருகிற மிக்ஸட் கிரில்லுக்கு முன் நம் சிலேட்டுக்கல் ஓட்டுக் கோட்பாடு நிற்காது. நிர்வாக மாற்றம் என்றால் அதுவல்லவா மாற்றம்.

தரவு சேகரிப்பில் ஒரு சிக்கல். வாயில் கவளம் இருக்கும் நேரம் பார்த்து நிர்வாகி வந்து, "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். ஆங்கிலேயரின் பதில் ஒன்றே: "அருமை, நன்றி." கிரேவி முழங்காலில் இருந்தாலும் அருமைதான். உண்மையான கருத்து கார் நிறுத்துமிடத்தில், கதவைச் சாத்தியபின் வெளிப்படுவதால் நிர்வாகிக்கு எட்டுவதில்லை.

எனவே கல்லா ஓரத்து உயர ஸ்டூலில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரை அணுகினோம். சாப்பாடு நாசமாகிவிட்டது என்றார். எது சாப்பிட்டீர்கள் என்று கேட்டோம். "இங்கேயா? வீட்டில்தான் சாப்பாடு இருக்கிறதே" என்றார். முந்தைய நிர்வாகத்தைப் பற்றியும் இதையே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கல்லாவில் நின்ற பெண் சாட்சி சொன்னார். ஆயினும் புதியவர்மீது பெரியவருக்கு ஆதாரத்தோடு ஒரு குற்றச்சாட்டு உண்டு: உப்புக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, சின்னக் கிண்ணத்தில் கொட்டி, இரட்டை விலைக்கு விற்கிறார்களாம்.