ஜாருக்குள்ள ஆறு அடங்குமாலே?

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. நம்ம வாட்டர் ஒர்க்ஸ்ல தண்ணி சுத்தம் பண்ண ஏதோ புது முறையாம், சோதிச்சுப் பாக்கப் போறீங்களாம். வாசல்ல பிளெக்ஸ் கட்டியாச்சு. பெரிய மனுசங்க படம் வரிசையா சிரிக்கு. நடுவுல பொடி மூட்டை படம் ஒண்ணு. சோதனை இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள 'மாபெரும் வெற்றி'ன்னு எழுத்து. முடிவு முன்னாலயே தெரிஞ்சா பெறவு சோதனை எதுக்குலே?

மேடையையும் எட்டிப் பாத்தேன். சுத்தி எங்கன திரும்பினாலும் தொட்டி தொட்டியா சுத்தம் பண்ணின தண்ணி. மேசை மேல என்ன இருந்துச்சு சொல்லு? கடையில வாங்கின பாட்டில் தண்ணி! நான் ஒண்ணும் பேசல. மேல்துண்டை வாயில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

கெழவன் புதுசைக் கண்டா கரிச்சுக் கொட்டுதான்னு நெனைக்காத. எங்க ஆச்சி பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரைச்சுட்டுத்தான் ஆத்துத் தண்ணியை ஊத்துவா. கலங்கல் பைய அடியில எறங்கும். அதுவும் ஒரு காலத்துல எவனோ சோதிச்சுப் பாத்த புதுமைதான். அவன் பிளெக்ஸ் கட்டல, அம்புட்டுதான் வித்தியாசம். 1908-ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டிக்குப் போற தண்ணியில ஜான் லீல்னு ஒரு டாக்டரு பிளீச்சிங் பவுடரைக் கலந்தாரு. ஒருத்தர்கிட்டயும் அனுமதி கேக்கல. கோர்ட்டுல வக்கீலுங்க கொடஞ்சு எடுத்தாங்க. மனுசன் அசந்தாரா? கிருமிக் கணக்கை எடுத்து மேசையில வச்சாரு. கோர்ட்டு ஒத்துக்கிடுச்சு. இன்னிக்கு ஒலகம் பூரா குளோரின் வாசம் அடிக்குல்லா, அந்தத் துணிச்சல்ல வந்ததுதான். பேச்சு இல்லலே, கணக்கு. அதைக் கொண்டா, நானும் கை தட்டுதேன்.

நீ படிச்சவன், ஜார் டெஸ்ட் போடுவ. நல்ல காரியம். வரிசையா ஆறு ஜார், ஒவ்வொண்ணுலயும் ஒரு லிட்டர் ஆத்துத் தண்ணி. முதல் ஜார்ல பத்து மில்லிகிராம் மருந்து, அடுத்ததுல இருபது, அப்படியே ஏத்திக்கிட்டே போவ. துடுப்பு ஒரு நிமிசம் வெரசா சுத்தும். பெறவு இருபது நிமிசம் பையப் பைய சுத்தும். அப்ப பக்கத்துல குனிஞ்சு பாக்கணும்லே. ஊசிமுனை அளவு துணுக்கு ஒண்ணு தண்ணிக்குள்ள கெளம்பும். பக்கத்துத் துணுக்கைத் தொடும், ஒட்டிக்கிடும், தடிக்கும். துடுப்பை நிறுத்தினா அரை மணி நேரத்துல எல்லாம் அடியில போயிப் படுத்துக்கிடும். மூணாவது ஜார் தெளிஞ்சு நிக்கும். ஆறாவது ஜாரைப் பாத்தா சில நாள் மறுபடியும் கலங்கல்! மருந்து கூடிப்போனா துணுக்குங்க ஒண்ணை ஒண்ணு வெரட்டிக்கிட்டு மெதந்துக்கிட்டே கெடக்கும். அள்ளிப் போட்டா அள்ளிச் சுத்தம்னு நம்புத ஆபீசருக்குக் காட்ட வேண்டியது அந்த ஆறாவது ஜாரைத்தான். அதை மட்டும் பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டு, மூணாவது ஜாரோட நின்னு போட்டோ எடுத்துக்கிடுவீங்க.

சரி, ஜார்ல தெளிஞ்சுட்டு. ஜாருக்குள்ள கரண்டு போகுமா? நடுராத்திரி மோட்டார் நின்னு, மறுபடி ஓடும்போது தண்ணி குபுக்குன்னு தள்ளுமே, அந்தத் தள்ளுல அடியில படுத்ததெல்லாம் எந்திரிச்சு பில்டர் பெட்டுக்கு வந்து சேருமே, அது ஜாருக்குத் தெரியுமா? அதுக்குத்தான் சின்னதா ஒரு மாதிரி பிளான்ட் கட்டி, அதே ஆத்துத் தண்ணியை ராவும் பகலும் மாசக்கணக்குல ஓடவிடச் சொல்லுதாங்க. பில்டர் எத்தனை மணி நேரத்துல அடைக்கு, கழுவுததுக்கு எம்புட்டுத் தண்ணி செலவு, அடியில சேருத சகதியை எங்க கொட்டுவீங்க, எல்லாம் அதுலதான் தெரியும். சகதியைப் பத்திக் கேட்டா மட்டும் எல்லாருக்கும் போன் வந்துருது. வாய்க்கால்ல தள்ளிவிடலாம்னு எண்ணமா?

இன்னொண்ணு கேக்கேன். சோதனை எந்த மாசம்? பங்குனியா? அப்பிடிப் போடு! பங்குனியில ஆறு தரை தெரிய ஓடும். அந்தத் தண்ணியில மருந்தைப் போட்டு, கலங்கல் அளவு ஒண்ணுக்குக் கீழ வந்துட்டுன்னு ரிப்போர்ட் எழுதுதது, அசை போட்டுப் படுத்துக் கெடக்க மாட்டைத் தடவிக் குடுத்துட்டு, காளையை அடக்கிட்டேன்னு துண்டைச் சுத்துத மாதிரி. ஐப்பசியில வாலே. மலையில மழை கொட்டி, காலையில இருந்த தண்ணி சாயங்காலம் செக்கச் செவேல்னு வரும். மருந்தளவை மணிக்கு மணி மாத்தணும். அன்னைக்கு ஒம் பொடி நின்னா ஒனக்கு நானே மாலை வாங்கிப் போடுதேன்.

கெழவன் மழையைச் சொல்லியே பயமுறுத்துதான்னு பாக்கியா? மழையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒண்ணு தெருவுக்கடியில கெடக்கு. அமெரிக்காவுல பிளின்ட்னு ஒரு ஊரு, லட்சம் பேருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. அவ்வளவு நாளும் டெட்ராய்ட்ல இருந்து சுத்தம் பண்ணின தண்ணியை வெலைக்கு வாங்கிக் குடிச்சவங்க. துட்டு மிச்சம் பிடிக்கணும்னு, 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி, ஊருக்குள்ள ஓடுத பிளின்ட் ஆத்துக்கு மாறினாங்க. மேயர் பொத்தானை அழுத்தினாரு. எல்லாரும் கிளாஸ்ல தண்ணி ஏந்திக் குடிச்சுக் கொண்டாடினாங்க. அங்கயாவது பாட்டில் தண்ணி இல்ல, அந்த மட்டுக்கும் நம்மளை விட நேர்மைதான்.

ஆனா அந்த ஆத்துத் தண்ணி குழாயை அரிக்கக்கூடிய தண்ணி. அரிக்காம இருக்க பாஸ்பேட் மருந்து கலக்கணும். கலக்கல. வீட்டுக்குப் போற குழாய்ல ஈயம். கரைஞ்சு தண்ணியோட தண்ணியா பிள்ளைங்க வயித்துக்குப் போச்சு. ஜனங்க பழுப்புத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போயிக் காட்டினாங்க. தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு பதிலு. அதே வருசம் அக்டோபர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணி எங்க என்ஜின் சாமானைத் துருப்பிடிக்க வைக்கி, எங்களுக்கு வேண்டாம்னுட்டு. ஒடனே வேற தண்ணி குடுத்தாங்க! இரும்பு சொன்னது ஒடனே காதுல ஏறிட்டு. பிள்ளையைப் பெத்தவ சொன்னது ஏற இன்னும் ஒரு வருசம் ஆச்சு. 2015 அக்டோபர்லதான் ஊரு மறுபடி டெட்ராய்ட் தண்ணிக்குத் திரும்பிச்சு.

அது துட்டு மிச்சம் பிடிக்கப் போன கதை. நல்லது செய்யப் போயும் மாட்டினவங்க உண்டு. வாஷிங்டன்ல 2000-ல குளோரினை விட்டுட்டு குளோரமினுக்கு மாறினாங்க. குளோரின் தண்ணியில இருக்க மட்கின சத்தோட சேந்து வேண்டாத சரக்கு உண்டாக்குது, அதைக் கொறைக்கணும்னு நெனச்சாங்க. நெனச்சது நடந்துச்சு, அந்தச் சரக்கு கொறைஞ்சுது. ஆனா பழைய குளோரின் அத்தனை வருசமா ஈயக் குழாய்க்கு உள்பக்கம் ஒரு படலம் கட்டி வச்சிருந்துச்சு. புது மருந்து வந்ததும் அது கரைஞ்சு, ஈயம் தண்ணிக்கு வந்துட்டு. 2004-ல பாஸ்பேட் கலக்க ஆரம்பிச்ச பெறவுதான் அடங்குச்சு. பிளான்ட்டை விட்டு வெளிய வரும்போது தண்ணி உத்தமம். கெட்டது எங்க? போற வழியில.

நம்ம தெருவுக்கடியில கெடக்கது வார்ப்பிரும்புதானேன்னு தப்பிச்சுக்காத. உள்ளுக்குள்ள துரு ஏடு ஏடா படிஞ்சு கெடக்கு. தண்ணியோட கொணம் மாறினா அது பேந்து வரும். ரிப்பேருக்குத் தோண்டும்போது பழைய குழாய் எடுப்பீங்கல்லா, அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாத. துண்டு போட்டுத் தொடுத்து, புதுத் தண்ணியை அதுக்குள்ள மாசக்கணக்குல சுத்தவிட்டுப் பாரு. இதுக்கு எந்த ஊரு கன்சல்டன்ட் வேணும்? கடப்பாரை இருந்தாப் போதும்.

அப்புறம் ஒங்க சாம்பிள் சமாச்சாரம். எங்க பிடிக்கீங்க? பிளான்ட் வாசல் குழாய்ல. ரொம்ப ஆசைப்பட்டா கமிஷனர் வீட்டுல. ரெண்டு எடத்துலயும் குளோரின் கமகமன்னுதான் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சி நிக்கணும்லா? அப்ப கடைசித் தெருவுக்குப் போ. தண்ணி அங்க வெடியக்காலம் அஞ்சு மணிக்கு வரும், நீ நாலே முக்காலுக்கு நில்லு. கண்ணாடிக் குழாய்ல தண்ணியைப் பிடிச்சு மருந்துச் சொட்டு விட்டுப் பாரு. மஞ்சள் ஏறுதா, வெளுத்துப் போய் நிக்குதா?

அங்க குடத்தோட ஒரு ஆச்சி நிப்பா. நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேப்பா. சொல்லு. புதுத் தண்ணியில சோறு எப்பிடி வடியுது, காப்பி எப்பிடி இருக்கு, அடிக் குடத்துல என்ன தங்குதுன்னு நீயும் கேளு. முதல்ல திட்டுவா. உன்னை மட்டுமா, முனிசிபாலிட்டி பரம்பரையையே இழுப்பா. நின்னு கேட்டுக்கோ. அப்புறம் பதில் சொல்லுவா. ரெண்டையும் நோட்டுல ஏத்து, தேதி போட்டு, நேரம் போட்டு.