அப்பத்தாளுக்கு மூக்குத்தி குத்துன மிசினு

ஏங்கண்ணு, உன்ற அப்பத்தாளுக்கு மூக்குத்தி எப்பக் குத்துனாங்க? எங்க கண்ணாலப் படத்தைப் பளிச்சுனு ஆக்கிப்போட்டேன்னு நேத்து ஃபோனை நீட்டுனியே, அதுலதான் பாத்தேன். அவகிட்டக் காட்டிப்போடாத. வாங்கிக் குடுன்னு கேப்பா.

வாட்சப்புல பத்துக் கை மாறுன படம் அது. எறக்கி வெச்சு மறுபடி ஏத்தி அனுப்புற ஒவ்வொருக்காவும் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டமாப் பிரிச்சு, கண்ணுக்குத் தெரியாத பொடிசையெல்லாம் உதறி உடுது. 1992-ல இருந்து ஜேபெக்குங்கற பட வடிவத்துக்கு இதே சோலி. உதறுனது போனதுதான். எங்கயும் ஒளிஞ்சு கிடக்கல.

அதைப் பளிச்சுனு ஆக்குன உன்ற டிஃப்யூஷன் மிசினு என்ன பண்ணுச்சு? லட்சக்கணக்கான நல்ல படத்து மேல புழுதியத் தூவித் தூவி, தூவுனது எதுன்னு கண்டுபுடிக்கப் பழகிக்கிச்சு. இப்ப வெறும் புழுதியக் குடுத்தாலும் செதுக்கிச் செதுக்கி ஒரு மூஞ்சிய எடுத்துரும். நம்மூருச் சிற்பக்கூடத்துல கல்லைக் குடுத்தா அம்மன் வாரா பாரு, அந்தக் கணக்கு. லட்சணமாத்தான் வருவா. உன்ற அப்பத்தா சாடையில வருவாளா?

சுந்தரரு சேரமான் குடுத்த பொன்னோட திருமுருகன்பூண்டி வழியா வந்தப்ப, சிவன் பூதகணத்தை வேடனாக்கி வழிப்பறி பண்ண உட்டாரு. பாட்டுக் கேட்டதும் அதே பொன்னு திரும்பி வந்துச்சு. பக்கத்து அவினாசியில முதலை முழுங்குன பையனும் அதே பையனாத்தான் வந்தான், விட்டுப்போன வருசத்துக்கும் சேத்து வளந்து. இந்த மிசினு அடுத்த வூட்டுப் பையனைக் கூட்டியாந்து நிறுத்திப்போட்டு, சட்டை அளவு சரியான்னு கேக்குது!

2020-ல டியூக் பல்கலைக்கழகத்துல இதுக்குப் பங்காளி மிசினு ஒண்ணு. ஒபாமாவோட மங்கல் படத்தைக் குடுத்தா, வெள்ளைக்காரன் மூஞ்சி வந்துச்சாம். நீ சொன்ன கதைதான்.

அடுத்தது உன்ற அப்பன் கண்ணாலக் கேசட்டுன்னு கிளம்பிருக்கற. நொடிக்கு 25 படம். தனித்தனியா ஊகிச்சா, சேலைக் கரையில இருக்குற மயிலு அடுத்த படத்துல அன்னமாயிரும். முன்னாடி பின்னாடி இருக்குற படத்தையும் பாத்துப் பண்ணச் சொல்லு.

பண்ண வேண்டாங்கல. ஓட்டை உழுந்த துணிய மெண்டிங் பண்றதில்லையா? பண்ணுனதுன்னு சொல்லிப்போடோணும், பழைய படத்தையும் பத்திரமா வெக்கோணும். கேமராவுல மங்கலாத் தெரியற வண்டி நம்பரை இதுல தொலக்கி எடுத்துட்டு ஸ்டேசனுக்கு மட்டும் போயிராத. எவன் வண்டி நம்பரு வருமோ!

அப்பறம் கண்ணு, அந்தப் படத்துல எனக்கு முன்நெத்தி ஏறியிருந்த எடத்துல சுருட்டை முடி வெச்சிருக்குது. அதை நான் கவனிக்கல. பெருசாப் போட்டு ப்ரேம் அடிக்க எவ்வளவு ஆவும்?