ஜவ்வாது மலைப்பாதையில் பிராந்தியின் குணமாற்றம்: தொடக்கநிலை மாணாக்கர்க்கு ஓர் ஆய்வு முன்னோட்டம்

பிராந்தியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் அதன் வகைகளை அறிதல் வேண்டும். வகை ஐந்து. ஆறு என்பாரும் உளர். அவர்கள் எண்ணியது இரண்டாம் குவார்ட்டருக்குப் பிற்பட்டதாதலின் அது தள்ளப்பட்டது.

முதலாவது கோன்யாக். பிரான்சின் ஷாராந்த் வட்டாரத்து வெள்ளைத் திராட்சை ஒயினைச் செம்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு கிடத்தியது. வி.எஸ்.ஓ.பி. என்றால் 4 ஆண்டு. எக்ஸ்.ஓ.வுக்கு 6 ஆண்டு போதுமாயிருந்தது. 2018 முதல் 10. முனைவர் பட்டத்துக்கும் ஏறத்தாழ இதே காலம் பிடிக்கிறது. ஆயினும் ஊறுவதால் தரம் கூடும் என்பது பிராந்திக்கு மட்டுமே நிறுவப்பட்டுள்ளது.

அர்மான்யாக், பெரும்பாலும் ஒரேமுறை காய்ச்சுவது. ஸ்பெயினின் ஹெரெஸ், கீழடுக்குப் பீப்பாயில் எடுத்த அளவை மேலடுக்கிலிருந்து இட்டு நிரப்புவது. பெருவின் பிஸ்கோ, மரமே படாதது.

ஐந்தாவது நம்முடையது. 180 மில்லி, 42.8 சதவீதம், 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் கையில். லேபிளில் திராட்சைக் குலை தொங்கினாலும் உள்ளே பெரும்பங்கு கரும்பாலை மொலாசஸில் காய்ச்சிய சாராயமே. மேற்படி நான்கும் கிடைக்காத இடங்களில் இது ஒன்றே பாடநூல்.

இனி மூலப் பிரச்சினை. சித்திரை வெயிலில், மலைக்குக் கீழே போளூரில் இதைக் குடிப்பவர், "உடம்புச் சூட்டுக்கு நல்லது, குளிர்ச்சி" என்கிறார். அதே ஆள், அதே சரக்கு, மார்கழிப் பனியில், மலைமேல் ஜமுனாமரத்தூரில் என்றால், "குளிருக்கு இதம், சூடு" என்கிறார். ஆக, குணம் திரிவது மலைப்பாதையில். எந்தக் கொண்டை ஊசி வளைவில்?

காது அடைக்கும் வளைவே என்பர் ஒரு சாரார் (ஆதாரம்: பேருந்துப் பயணி, சன்னலோரம், வாய்மொழி). "ஷட்டரை இறக்குய்யா" என்று யாரேனும் கத்தும் வளைவே என்பர் மற்றொரு சாரார் (ஆதாரம்: அதே பேருந்து, கடைசி இருக்கை, வலமிருந்து இரண்டாமவர், தூக்கத்தில் கூறியது, மறுப்பு: அவர் தோளில் சாய்ந்திருந்தவர், மறுப்புக்கு மறுப்பு: சாய்ந்தவர் மடியிலிருந்த சேவல், மூன்று கூவல், பாடபேதம் இரண்டு). இரு சாராரும் மலையேறியவர் அல்லர். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே பேராசிரியர் ஆனவர்கள்.

மருத்துவர்கள் சொல்வது வேறு: சாராயம் தோலருகே உள்ள ரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடு தெரிகிறது, உண்மையில் உடம்பு வெப்பத்தை இழக்கிறது. இதை ஏற்றால் கருத்தரங்கும் மதிய உணவும் தேவையற்றுப் போகுமாதலின் ஏற்கப்படவில்லை. இதே மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருந்தும், அதை டம்ளர் பக்கம் திருப்பமுடியாதபடி வானம் பார்க்க நிறுவிவிட்டது ஆய்வுலகுக்கு இழப்பே.

மலையில் சூடேறிய புட்டியைத் திறக்காமல் கீழே கொண்டுவந்தால் அச்சூடு எவ்விடத்தில் இறங்கும் என்பது அடுத்த கட்ட ஆய்வு. இதற்கான நிதியில் பேருந்துக் கட்டணம் சேரும், புட்டி விலை சேராது என்று பதில் வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்திருக்கிறோம்.