காக்கைப் பிடிச்சோற்றில் மைனாவின் உரிமை: ஜொகூர் மதில்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பறவைக்குத் தீனி வைத்து, மறைந்திருந்து படம் எடுக்கப் பாலைவனமே தகுந்த களம் என்பது இத்துறைப் பெரியோர் துணிபு. இராஜஸ்தானில், தார்ப் பாலையின் பலோதிக்கு அருகே கீச்சன் என்றொரு கிராமம். குளிர்காலத்தில் மங்கோலியாப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் நாரைகளுக்கு ஊரார் வேலி போட்ட முற்றத்தில் தானியம் இறைக்கிறார்கள். 2025இல் அவ்வூர் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. முதலில் அங்கே இறைத்தது புறாவுக்குத்தான். நாரை பிறகு வந்து சேர்ந்துகொண்டது. இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. நம் ஆய்வே இதன்மேல்தான் நிற்கிறது.

ஜொகூரில் பாலைவனம் கிடையாது. காலையில் காயப்போட்ட துணி மாலை வரை நனையாமல் இருந்தால் அதிசயம். ஆனாலும் ஸ்கூடாய், மாசாய், உலு திராம் ஆகிய இடங்களின் தாமான் எனும் குடியிருப்புகளில், வீட்டு மதில்மேல் அமாவாசைதோறும், சில வீடுகளில் சனிதோறும், வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைக்கப்படுகின்றன. உலகின் பிற ஊட்டிடங்களில் எது வந்தாலும் மகிழ்ச்சி. இங்கே விருந்தாளி முன்பே முடிவு செய்யப்பட்டவர். அவர் கொத்தும் வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இல்லை. அறிவியலில் இத்தனை கறாரான நெறிமுறையை நான் கண்டதில்லை. ஆய்வாளரைப் பட்டினி போடும் ஆய்வு வேறு எது?

விருந்தாளியின் பூர்வீகம் கவனிக்கத்தக்கது. கழுத்தில் சாம்பல் பூசிய இந்த வீட்டுக் காகம் மலாயா மண்ணுக்குரியதன்று. 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு அரித்துத் தின்றபோது, புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கப்பலில் ஏற்றிவரப்பட்டது. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது. காகம் திரும்பிப் போகவில்லை. அதே கடல்வழியில், அதே போன்ற தோட்டங்களுக்கு, வேறு யாரெல்லாம் வந்தார்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, முன்னோர் காக வடிவில் வருகிறார்கள் என்ற கொள்கைக்கு வேறெங்கும் கிடைக்காத கப்பல் சான்று மலேசியத் தமிழரிடம் மட்டுமே இருக்கிறது. (தோட்டத்துக்கு உழைக்கக் கூட்டிவந்த பறவையைப் பிற்காலத்தில் தொல்லை என்று சொல்லி, கிள்ளானில் ஆள் வைத்துச் சுட்டார்கள். இதற்கும் உரை எழுதலாம், எழுதப்போவதில்லை.)

சிக்கல் மைனாவால் வருகிறது. ஜாவா மைனா, பெயர் சொல்வதுபோல, ஜாவாவிலும் பாலியிலும் பிறந்த குலம். கூண்டுப் பறவை வாணிகத்தால் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து இக்கரைக்கும் பரவியது. சொந்த மண்ணில் பிடித்துப் பிடித்து விற்றதால் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பதிவாகியிருக்கிறது. நம் மதிலிலோ காகத்துக்கு முன்பே இலையில் நிற்கிறது. "கா கா" என்று அழைத்த குரலுக்கு இது வருவது முறையா? வந்தேறி என்று விரட்டலாம் என்பார் ஒரு சாரார். காகத்தின் பயணச்சீட்டைப் பார்த்தபின் அந்த வாதம் எடுபடாது. கீச்சனில் புறாவின் தானியத்தை நாரை தின்றது. ஊருக்குப் புகழ் வந்தது.

அடுத்தது படம். கோத்தா திங்கி அருகே பந்தி மலைக்காட்டுக்குச் செல்லும் படக்காரர்கள் நீண்ட லென்சும் பச்சை உடையுமாக இருவாச்சிக்குக் காத்திருப்பார்கள். தாமான் மரபில் பூப்போட்ட நைட்டியே உருமறைப்பு. கிரில் கதவே மறைவிடம். இதை எள்ளுவோர் சியாட்டில் காகங்களைப் பற்றிப் படிக்க வேண்டும். தங்களைப் பிடித்தவர் அணிந்திருந்த முகமூடியின் முகத்தை அவை ஆண்டுக்கணக்கில் மறக்கவில்லை என்று ஜான் மார்ஸ்லஃப் குழு காட்டியிருக்கிறது. தெரிந்த முகம் தெரிந்த நைட்டியில் நிற்பதே உத்தமம்.

கைப்பேசிக்கோ காகம் பகையாளி. திரையில் அதைத் தொட்டுக் குவியம் வைத்தால், கறுப்பை இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். காகம் வெளுத்துச் சாம்பலாகும்; சோறு வெள்ளைத் திட்டாகக் கரையும். சடங்கின் இரு சாட்சிகளும் ஒரே சொடுக்கில் போயின. விரலால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுக்க வேண்டும். இல்லையேல் குடும்ப வாட்சாப் குழுவில் கிள்ளான் சித்தப்பா, "இது புறாவாச்சே?" என்று கேட்பார்.

கோஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 2020 முதல் காட்டுயிருக்குத் தீனி போட்டால், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்காக இக்கரை மதில்கள் கூடுதல் பொறுப்பு ஏற்பதாகக் கருத இடமுண்டு.

மைனாவின் உரிமை குறித்து நூல்களில் தீர்ப்பு இல்லை. மாசாய் வீடொன்றின் புரட்டாசி அமாவாசை உரையாடலையே முன்தீர்ப்பாக ஏற்கிறோம்.

"அத்தே, மைனாதான் தின்னுக்கிட்டு இருக்கு. காக்கா இன்னும் வரல."

"உங்க மாமா என்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட வந்தாரு?"