டன்னுக்குப் பத்து வெள்ளி

பிரிக்பீல்ட்ஸ் வடைச் சட்டியில் கொதிக்கிற எண்ணெய்க்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1917-இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பெயர்? தென்னமரம். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. சொல்வதொன்று செய்வதொன்று என்கிற வழக்கம் இந்தத் தொழிலில் அன்றைக்கே தொடங்கிவிட்டது. துரை பிறகு மலாயாவை வைத்து நாவல் எழுதி, 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். மரமும் மண்வெட்டியும் நம்மவர்களுக்கு.

ரப்பர் விலை சரிந்ததும், கிள்ளான் பக்கத் தோட்டங்களிலும் பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். ஆலைகள் முளைத்தன. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னாவது பழுப்புக் கழிவுநீர் வரும். எங்கே விடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆறு எதற்கு இருக்கிறது?

இந்த நேரம் பார்த்து, 1970-இல் அமெரிக்காவில் மில்டன் ஃபிரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்ட விதிகளை மீறாமல் லாபம் பார்ப்பதே கம்பெனியின் சமூகப் பொறுப்பாம். ‘அப்போது மனசாட்சி?’ என்று மற்றப் பேராசிரியர்கள் பாய்ந்தார்கள். ஏர்கோன் மண்டபங்களில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நம்ம ஆலைகளுக்கு இரண்டு கட்சியும் தேவைப்படவில்லை: லாபம் வந்தது, விதி வரவில்லை.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள். கழிவு ஆற்றின் பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சும் என்று அளக்க ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில், ஆலையிலிருந்து வருகிற கழிவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அரசாங்கம் 1978-இல் 5,000 போதும் என்றது. படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. அதே கணக்குப்படி, ஆற்றில் விடும் சுமைக்கு டன்னுக்குப் பத்து வெள்ளி. வரம்பு தாண்டினால் நூறு.

கழிவைச் சுத்தம் செய்யத் தேறிய முறை எதுவும் அப்போது கிடையாது. தேதியும் கட்டணமும் வந்தன, முறையும் பிறந்தது! வரிசையாகக் குளம் வெட்டி, காற்றில்லாமல் வாழும் கிருமிகளை வேலைக்கு வைத்தார்கள். கங்காணி இல்லாமல், சம்பளம் கேட்காமல், சங்கத்தில் சேராமல் உழைத்த ஒரே தோட்டத் தொழிலாளி அந்தக் கிருமிதான். எண்ணெய் உற்பத்தி ஏறியது, ஆற்றில் சேரும் அழுக்கு இறங்கியது. ஆராய்ச்சியாளர்களுக்கு வேட்டை, கட்டணம் பலித்ததா, வரம்பு பலித்ததா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

கிருமி மட்டும் ஒரு குசும்பு செய்தது. அது விட்ட மீத்தேன் குளத்திலிருந்து நேரே மேலே போனது. ஆறு தப்பியது, வானம் மாட்டிக்கொண்டது. டன்னுக்குப் பத்து வெள்ளி வானத்துக்கு யாரும் போடவில்லை.

2003 ஆகஸ்டில் செம்பனைத் தொழிலின் பொறுப்பைப் பேசக் கோலாலம்பூரில் வட்டமேசை போட்டார்கள். மறு வருஷம் அது முறையான அமைப்பாகவே ஆனது. வட்டமேசையில் ஒரு சௌகரியம், யாரையும் மூலையில் நிறுத்த முடியாது. அதில் சேர்வது அவரவர் விருப்பம். 1978-இல் ஆலைக்காரர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.